இருவகைக் கலமும் ஒருவகைக் கறையும்

தமிழிற் ‘கலம்’ என்பது பலபொருள் குறித்த ஒரு சொல். உண்ணும் பாத்திரமும் கலம். கடல்மேற் செல்லும் ஓடமும் கலம். மகளிர் பூணும் அணியும் கலம். நெல்லளக்கும் ஓரளவும் கலம். இவற்றுள் முன்னைய இரண்டும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை போலத் தோன்றும். அடுப்படியிலிருக்கும் தவலைக்கும் அலைகடலில் ஓடும் படகுக்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். ஆயினும், இக்காலத்தில் அவ்விரண்டையும் ஓர் உலோகம் உறவுபடுத்தி வைத்துள்ளது. அதுவே பொதுமக்கள் எவர்சில்வர் என்றும், நூலோர் துருவேறா எஃகு என்றும் வழங்குவது. திண்டுக்கல்லில் ஓர் இல்லத்தின் தண்ணீர்க்குடமும், தூத்துக்குடியில் ஒரு விசைப்படகின் பின்னின்று நீரைத் தள்ளும் சுழல்விசிறியும் இவ்வுலோகத்தால் ஆகலாம். அவ்வாறாயின், அவ்விரண்டையும் பற்றுங் கறையும் பெரும்பாலும் ஒரே இனத்தது. அதன் காரணமும் ஒன்றே. அதனைக் களையும் நெறியும் ஒன்றே. இதனை இயன்றவரை எளிதாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. கறையைக் கண்டவுடன் அஃது யாது, எங்கிருந்து வந்தது என்று ஆராயாமல், கைக்குக் கிடைத்த எதனையேனும் கொண்டு தேய்ப்பதே மக்கள் இயல்பாயிருக்கின்றது. ஒருவர் இரும்புக் கம்பிச் சுருளை எடுக்கின்றார். ஒருவர் செங்கற் பொடியை எடுக்கின்றார். பின்னொருவர் கழிவறைக்கென வாங்கிய திராவகத்தையே ஊற்றுகின்றார். இவற்றாற் கலம் கெடுவது ஒருபுறமிருக்க, சிற்சில வேளைகளில் உயிர்க்கே இடர் விளைகின்றது. ஆதலின், கறையின் இயல்பறிதல் வீண்வேலை அன்று.

பெயரும் பிறப்பும்

‘எஃகு’ என்னும் சொல்லை நம் இளமைப் பாடங்களிலேயே ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டாகக் கற்றோம். அச்சொல் உலோகத்தையும் குறிக்கும். அவ்வுலோகத்தாலாகிய வேல் முதலிய படைக்கலத்தையும் குறிக்கும். இரும்பைக் கரும்பொன் என்றும் முன்னோர் வழங்கினர். ஈரோட்டு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பழந்தமிழர் இரும்பையும் எஃகையும் உருக்கிப் பணிகொண்டமைக்குச் சான்று தந்துள்ளன. தென்னாட்டு எஃகு பிற்காலத்தில் ஐரோப்பியரால் ‘ஊட்சு’ என வழங்கப்பட்டு, மேலை நாடுகளிற் பெருமதிப்புப் பெற்றது.

இனித் துருவேறா எஃகின் வரலாற்றிலும் இத் தென்னாட்டு எஃகுக்கு ஒரு தொடர்புண்டு என்பது நம்மவர் பலர் அறியாதது. மின்னியலிற் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே என்பார், இலண்டன் நகரத்துக் கத்தி வினைஞராகிய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பாருடன் கூடி, இந்நாட்டு ஊட்சு எஃகின் மருமத்தை அறிய விரும்பி, எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்த்தார். அவ்வாராய்ச்சிகள் 1820-ஆம் ஆண்டிலும் 1822-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவற்றினிடையே 1821-இல் பிரெஞ்சு நாட்டறிஞர் பெர்த்தியே என்பார், இரும்போடு குரோமியம் சேர்ந்தால் அதனை அமிலங்கள் எளிதில் தாக்கா என்று கண்டு கூறினார். எனினும், அவ்வறிவு முற்றுப்பெற்றுப் பயன்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. செருமனியில் குருப் தொழிற்சாலையைச் சார்ந்த அறிஞர் 1912-இல் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்கு உரிமை பெற்றனர். இங்கிலாந்தில் செப்பீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி என்பார், துப்பாக்கிக் குழல் விரைவில் தேயாதிருக்க வழிதேடியபொழுது, 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். அது துருப்பிடிக்காமையை உணர்ந்து, கத்தி முதலியன செய்தற்கு உரியதென உலகிற்கு எடுத்துரைத்தார்.

எவர்சில்வர் என்னும் பெயர் ‘என்றும் வெள்ளி’ எனப் பொருள்படும். பெயரே ஒரு வாக்குறுதியைத் தருகின்றது. அவ்வாக்குறுதியை நம்பியே, கறை கண்டவிடத்து மக்கள் ‘வணிகர் ஏமாற்றிவிட்டார்’ என்று வெகுள்கின்றனர். சிலவிடத்து அவ்வெகுளி தகுதியுடையதே. பலவிடத்து அஃது உலோகத்தின் இயல்பறியாமையால் வருவது.

மேனியைக் காக்கும் மெல்லிய போர்வை

துருவேறா எஃகு துருப்பிடியாமைக்குக் காரணம் அது காற்றோடு உறவாடாமை என்று எண்ணுதல் தவறு. உண்மை இதற்கு மறுதலையானது. அவ்வெஃகிலுள்ள குரோமியம், காற்றிலும் நீரிலுமுள்ள பிராணவாயுவோடு உடனே கூடி, மேனி முழுவதும் ஒரு மெல்லிய போர்வையை நெய்துகொள்கின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்து, அவற்றுட் சில கூறுகளை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவே அதன் தடிப்பு. ஆதலின் அது கண்ணுக்குப் புலனாவதில்லை. உலோகத்திற் குரோமியம் நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாதிருந்தாலன்றி இப்போர்வை முழுமை பெறாது. கத்தியாற் கீறினால் இப்போர்வை கிழியும். ஆனாற் காற்றுப்பட்டவுடன் தானே மீண்டும் நெய்யப்படும். சாதாரண இரும்பின் துருவோ இத்தகையதன்று. அது பொருக்கெனத் தடித்து, ஈரத்தை உள்ளே விட்டு, அடியிலுள்ள இரும்பையும் தின்றுகொண்டே செல்லும்.

தில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகப் பெரிதும் கெடாதிருப்பதற்கும் ஒரு போர்வையே காரணம். ஆனால் அதிலுள்ளது குரோமியம் அன்று. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாசுவரத்தால் உண்டான படலமே அதனைக் காக்கின்றது. போர்வையின் பொருள் வேறாயினும், காவலின் முறை ஒன்றே.

இங்கு நம் நாட்டு மெய்ந்நூலார் கூறும் ஓர் உவமை நினைவிற்கு வருகின்றது. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்த நூலார் உவமையாகக் காட்டுவர். செம்பிற் களிம்பு அவ்வுலோகத்தோடு உடன்பிறந்தது; புறத்தேயிருந்து ஒட்டியது அன்று என்பது அவர் கருத்து. எவர்சில்வர்க் கறையை ஆராய்வார்க்கும் இவ்வேறுபாடே முதலில் உணரத்தக்கது. கறை உலோகத்தின் உள்ளிருந்து வந்ததா, புறத்திருந்து வந்து ஒட்டியதா? இவ்வொரு வினாவுக்கு விடை கண்டார், வேலையிற் பாதியை முடித்தவராவர்.

கறையின் வகைகள்

முதலாவது வெண்படிவு. நீர் வற்றிய இடத்தில், குறிப்பாகத் தண்ணீர்க்குடத்தின் உட்புறத்தும் காய்ச்சும் கலத்தின் அடியிலும், இது சுண்ணம் பூசியதுபோலத் தோன்றும். நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து தங்குதலே இதன் காரணம். படகின் சுழல்விசிறியில் உப்புநீர் உலர்ந்தவிடத்தும் இவ்வெண்மை காணப்படும். இஃது உலோகத்தின் நோயன்று. அதன்மேற் படிந்த தூசு போன்றதே. ஆயின் ஒரு நுட்பம் உண்டு. பல வெளிப்பொறிப் படகுகளிற் சுழல்விசிறி எஃகாயிருக்க, அதனைத் தாங்கும் பற்சக்கரக் கூடு அலுமினியமாயிருக்கும். உப்புநீரில் இவ்விரண்டும் தொடர்புற்றவழி, அலுமினியமே தேயும். விசிறியின் குடத்தருகே வெண்பொடி மிகுந்து காணப்படின், அஃது அலுமினியத்தின் சிதைவாதல் கூடும். அதனைத் தடுப்பதற்கென்றே தான் தேய்ந்து பிறவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டி பொருத்தப்படுகின்றது. அக்கட்டி தேய்ந்து ஒழிந்ததா, அறியாமல் அதன்மேல் வண்ணம் பூசப்பட்டதா என்று நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது வானவில் நிறம். பொன்மை, பழுப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்கள் கலத்தின் அடியில் வளையம் வளையமாகத் தோன்றும். நீரின்றி வெறுங்கலம் அடுப்பிற் காய்ந்ததன் விளைவு இது. வெப்பத்தால் மேற்கூறிய போர்வை தடித்து, ஒளியைப் பலவாறு சிதறச் செய்கின்றது. பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கொண்ட எஃகு காற்றிற் காயும்பொழுது, ஏறத்தாழ 290 பாகை சென்டிகிரேடில் வெளிர்மஞ்சளும், 390 பாகையிற் பழுப்பும், 600 பாகையிற் கருநீலமும் கொள்ளும். எனவே, இந்நிறம் கலம் எவ்வளவு காய்ந்தது என்பதைச் சொல்லும் வெப்பமானியாகவும் அமைகின்றது. சமையற்கலத்தில் இதனாற் கேடில்லை. சுழல்விசிறியின் முறிந்த இதழை ஒட்டுவைத்துச் செப்பனிட்ட இடத்தில் இந்நிறம் இருப்பின், அதனைப் போக்கியே தீரவேண்டும்; தடித்த அப்படலத்தின் அடியிற் குரோமியம் குறைந்திருக்குமாதலின், கடல்நீர் அவ்விடத்தையே முதலிற் பற்றும்.

மூன்றாவது கரிய பிசுக்கு. பல வெளிப்பொறிகளில் எரிந்த புகை சுழல்விசிறியின் குடத்தினூடே நீருக்குள் வெளிப்படும். அப்புகைக் கரியும் எண்ணெயும் குடத்தின் உட்புறத்தும் இதழ்களின் அடியிலும் படியும். அடுப்புக் கரியும் இவ்வினத்ததே. விரலால் தொட்டால் ஒட்டுதலே இதன் அடையாளம்.

நான்காவது அயலிரும்பின் துரு. இதனை விளக்கத் திண்டுக்கல்லினும் ஏற்ற இடமில்லை. இவ்வூர்ப் பூட்டு நாடறிந்தது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுப் பட்டறையில் அரத்தால் இராவும்பொழுது பறக்கும் இரும்புத்தூள் மிக நுண்ணியது. அது பக்கத்திலுள்ள எவர்சில்வர்ச் செம்பின்மேற் படிந்து, இரவு ஈரத்தில் ஊறினால், மறுநாட் காலையிற் செம்பின்மேனி எங்கும் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். பார்ப்போர் செம்பே துருப்பிடித்தது என்பர். உண்மையில், துருப்பிடித்தது பூட்டின் இரும்பேயன்றிச் செம்பின் எஃகன்று. கம்பித்தூரிகையாலும் இரும்புச் சுருளாலும் தேய்த்தவிடத்தும் இதுவே நிகழும். கறையைத் துடைக்கப் போந்தவர் தாமே கறையை விதைத்தவராகின்றார்.

ஐந்தாவது குழித்துரு. இதுவே உலோகத்தின் மெய்யான நோய். உப்பிலுள்ள குளோரைடு என்னும் பொருள் மேற்கூறிய போர்வையை ஓரிடத்தில் துளைத்து, ஊசிமுனையளவான குழியைத் தோண்டுகின்றது. குழிக்குள் நீர் புளித்து அமிலமாகிப் பிராணவாயு புகாமையால், போர்வை மீண்டும் நெய்யப்படுவதில்லை; குழி உள்ளே ஆழ்ந்து செல்கின்றது. வெளியே தேயிலைச் சாயம் ஒழுகியதுபோன்ற பழுப்புக் கோடு மட்டும் தெரியும். விளிம்பு மடிப்பு, கைப்பிடியின் ஆணியடி, ஒட்டிய விலைச்சீட்டின் அடி, கடலிற் சிப்பியினங்கள் பற்றிக்கொண்ட இடம் ஆகிய காற்றோட்டமில்லாத இடங்களை இந்நோய் மிகுதியும் நாடும். குளிர்ந்த நீரில் உப்பிட, அது கரையாமல் அடியிற் கிடந்தால், அவ்விடத்தும் இத்தகைய புள்ளிகள் விழும். ஆதலின், உலை கொதித்த பின்னர் உப்பிட்டுக் கிளறுதலே நன்று. நம் பாட்டியர் உப்பை மண்சட்டியிலும் மரவையிலும், ஊறுகாயைப் பீங்கான் சாடியிலும் வைத்தது எத்துணைப் பொருத்தமானது என்பதை இதனால் உணரலாம்.

ஆறாவதொன்று சுழல்விசிறிக்கே உரியது. இதழின் நுனிப்பகுதியில் நிறவேறுபாடின்றி மேனி மட்டும் சொரசொரப்பாய், புழு அரித்ததுபோலக் காணப்படும். இது துருவன்று. விசிறி விரைந்து சுழலும்பொழுது நீரில் எழும் நுண்குமிழிகள் உலோகத்தின்மேல் உடைந்து அடிக்கும் அடியின் விளைவு. இக்குமிழி உடையும் விசையை ஆங்கில அறிஞர் இரேலி பெருமகனார் 1917-இற் கணக்கிட்டுக் காட்டினார். இதனைத் துடைத்து மாற்ற இயலாது. இதழின் வடிவையும் பொறியின் விரைவையும் திருத்துதலே மருந்து.

நோயறியும் முறை

இனி ஆராயும் முறையை வரிசைப்படுத்திக் கூறுவாம். படகின் விசிறியாயின், முதற்கண் பொறியை நிறுத்தி, மின்கலத் தொடர்பையும் அகற்றிய பின்னரே கைவைத்தல் வேண்டும். விசிறி எதிர்பாராது சுழன்றால் விரல் போகும் என்பதை மறத்தலாகாது. விசிறியைக் கழற்றியவுடன், அச்சில் மீன்பிடி நூல் சுற்றியுள்ளதா என்றும் நோக்குக. அந்நூல் உள்ளேயுள்ள எண்ணெய்த் தடுப்பை அறுத்துவிடும்.

பின்னர் வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேங்காய் நாராலாவது மெல்லிய துணியாலாவது கழுவி, நன்னீரில் அலசி, ஈரம் போகத் துடைக்க. கரிய பிசுக்கு இந்நிலையிலேயே நீங்கும். நீங்காது எஞ்சியதையே கறை என்று கொள்க.

எஞ்சிய வெண்மையின்மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விடுக. நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்புப் படிவு. நிறம் வானவில் போன்றதாய், மேனி வழவழப்பாயிருப்பின், அது வெப்பத்தால் வந்தது. நிறம் பழுப்பாயின், அவ்விடத்தை நன்றாகத் துடைத்து, உருப்பெருக்கு ஆடி கொண்டு நோக்குக. அடியில் மேனி பழுதின்றி வழவழவென்று இருப்பின், அது புறத்திருந்து வந்த துரு. ஊசிக்குழி காணப்பட்டாலும், துடைத்த சின்னாளில் அதே இடத்தில் மீண்டும் பழுப்புத் தோன்றினாலும், உலோகமே நோயுற்றது என்று துணிக.

அயலிரும்பை ஐயமறக் காட்டும் சோதனை ஒன்றுண்டு. மயில்துத்தத்தைச் சிறிது கந்தக அமிலம் சேர்ந்த நீரிற் கரைத்து, அக்கரைசலால் உலோகத்தை ஆறு நிமிடம் நனைந்திருக்கச் செய்தால், இரும்புத்தூள் உள்ள இடமெல்லாம் செம்பு படிந்து சிவக்கும். துருவேறா எஃகோ நிறம் மாறாது. இதனைச் சுழல்விசிறி முதலியவற்றிற் செய்யலாமேயன்றி, உணவுக்கலங்களிற் செய்தல் கூடாது, மயில்துத்தம் நஞ்சாகும். குரோமியம் குறைந்த எஃகினங்களில் இச்சோதனை பொய்த்தலும் உண்டு.

கடைவீதியில் காந்தம் வைத்துப் பார்ப்பாரைக் காண்கின்றோம். காந்தம் ஒட்டாவிடின் நல்ல எவர்சில்வர் என்பது அவர் முடிபு. இம்முடிபு பாதியே உண்மை. பதினெட்டும் எட்டும் கலந்த நல்லெஃகு காந்தத்தை ஈர்ப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் நிக்கலைக் குறைத்து, மாங்கனீசை மிகுத்துச் செய்யும் மலிவான இனமும் காந்தத்தை ஈர்ப்பதில்லை. அது துருவை எதிர்க்கும் வலி குறைந்தது. ஆதலின், காந்தம் ஒட்டாமை ஒன்றையே கொண்டு நன்மையைத் துணிதல் இயலாது.

களையும் முறை

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து எளிது. வெண்படிவுக்கு எலுமிச்சைச் சாறும் வினிகரும் போதியன. வெந்நீரிற் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, துணியால் துடைத்து, நன்றாகக் கழுவுக. புளியும் ஆகும், ஆனாற் பித்தளைக்குச் செய்வதுபோலப் புளியோடு உப்பைச் சேர்த்துத் தேய்த்தல் எவர்சில்வருக்கு ஆகாது. வானவில் நிறத்துக்கும் வினிகரே மருந்து.

அயலிரும்பின் துருவுக்கு, எலுமிச்சையின் சத்தாகிய சிட்ரிக் அமிலம் சிறந்தது. நூறு பங்கு கரைசலில் நான்கு முதற் பத்துப் பங்கு வரை அதனைக் கரைத்து, 21 முதல் 49 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஊறவைத்தல் தொழிற்சாலைகளிலும் கையாளப்படும் முறை. இவ்வமிலம் இரும்புத் தூளைக் கரைத்து எடுத்துவிடும்; துருவேறா எஃகைத் தாக்காது. அதன்பின் நன்னீரில் அலசி உலர்த்தினால், போர்வை தானே மீண்டும் நிறைவுறும். பிடிவாதமான கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தூளைப் பயன்படுத்துவர். அது நஞ்சாதலின், கையுறை அணிதலும், பின்னர்ப் பலமுறை கழுவுதலும் இன்றியமையாதன.

தேய்க்கும்பொழுது உலோகத்தின் மேனியிலுள்ள கோடுகளின் போக்கிலேயே தேய்க்க. குறுக்கே தேய்த்தால் கீறல் விழுந்து, அக்கீறலில் உப்பு தங்கும். சுழல்விசிறி பல, மெழுகில் உருச்செய்து வார்க்கப்படுவன. சுவாமிமலைச் சிற்பியர் செப்புத்திருமேனி வார்க்கும் முறையும் மெழுகை முதலாகக் கொண்டதே. அவ்வாறு வார்த்து மெருகிட்ட இதழின் வழவழப்பே அதன் காவலுமாம். குழித்துரு ஏறிய விசிறியைத் துடைத்தால் நிறம் போகும், குழி போகாது. இதழின் அடிப்பகுதியிற் குழியும், அதிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பும் காணப்படின், அவ்விசிறியை மீண்டும் பொருத்தாமல் தக்க வினைஞரிடம் காட்டுதல் வேண்டும். நடுக்கடலில் இதழ் முறிந்தால், துடைத்த பளபளப்பு கரை சேர்க்காது.

செய்யத்தகாதன

மூன்றைச் சிறப்பாக விலக்குதல் வேண்டும். ஒன்று, இரும்புச் சுருளும் கம்பித்தூரிகையும். இவற்றின் தீமையை மேலே கூறினோம். இரண்டு, பிளீச்சிங் பவுடர். அதிலுள்ள குளோரின் போர்வையைத் துளைத்துக் குழித்துருவை உண்டாக்கும். குடிநீர்க்குடத்தை இதனாற் கழுவி, அலசாமல் இரவெல்லாம் வைப்பார் இல்லங்களில், குடம் விரைவிற் புள்ளிபடும். மூன்று, உப்புத் திராவகம். அது வெண்படிவை நொடியிற் போக்கும் என்பது உண்மையே, ஆனால் எஃகையும் உடன் தின்னும்.

இவற்றினும் கொடியது, இப்பின்னைய இரண்டையும் கூட்டுதல். பிளீச்சிங் பவுடரும் உப்புத் திராவகமும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்தருகே செருமானியர் பகைவர்மேல் ஏவியது இவ்வாயுவையே. போர்க்களத்தில் வீரரை வீழ்த்திய நஞ்சைக் காற்றோட்டமில்லாத சமையற்கட்டிற் சிறுவர் நடுவே எழுப்புதல் எத்துணை இடராகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு குடத்தின் கறைக்காக உயிரைப் பணயம் வைத்தல் வேண்டா.

எம்மூர் நீரும் எம்மூர்க் கறையும்

இனி இக்கறையை நம் ஊரோடு வைத்து நோக்குவாம். திண்டுக்கற் சமவெளி கடும்பாறை நிலம், மழை குறைந்தது. நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் நெடுநாள் தங்கி, அங்குள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றது. ஆதலின், கிணற்று நீர் இயல்பாகவே பலவிடங்களிற் கடினமானது. ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தில் வந்து தங்கும் மலைநீர் அத்தன்மையதன்று. ஒரே வீட்டில், குழாய்நீர் வைத்த குடம் தெளிவாயும், கிணற்றுநீர் வைத்த குடம் வெண்படலம் பூண்டும் இருப்பதன் காரணம் இதுவே.

இயற்கை தந்த உப்போடு, மனிதர் சேர்த்த உப்பும் இங்கு உண்டு. தோல் பதனிடுதல் திண்டுக்கல்லின் பழைய தொழில்களுள் ஒன்று. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன்மேற் சோற்றுப்பை ஏராளமாகத் தூவுவர். பதனிடுமுன் அவ்வுப்பை நீரில் ஊறவைத்து அகற்றுவர். அந்நீர் நெடுங்காலம் வெளிநிலத்தில் விடப்பட்டமையால், தோற்சாலைகளைச் சூழ்ந்த பல கிணறுகள் உவர்ப்பேறின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வட ஆர்க்காடு முதலியவற்றோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோற்சாலைகளையும் தழுவியது. மாசுபடுத்தியமைக்காக ஒவ்வொரு தோற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. மாசுபடுத்தினோரே அதன் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டிற் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்புக்களுள் இதுவும் ஒன்று.

உப்பின் அளவைச் சிறிது ஒப்பிட்டு நோக்குவாம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. குடிநீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்றென்றும், வேறு நீரில்லாதவிடத்து 1000 மில்லிகிராம் வரை பொறுக்கலாமென்றும் இந்திய தர அளவை வகுத்துள்ளது. பதினெட்டும் எட்டும் கலந்த எஃகுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமும், மாலிப்டினம் இரண்டு மூன்று பங்கு சேர்ந்த உயர்ந்த எஃகுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராமும் பொதுவான எல்லை என்பர் உலோக நூலார். இவ்வளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மனிதன் வேறு வழியின்றிக் குடித்துப் பொறுக்கும் நீரைக் கூட, அவன் சமையற்கட்டிலுள்ள சாதாரண எவர்சில்வர் பொறுக்க மாட்டாது. கடலிற் சுழலும் விசிறிக்கு நேரும் நோய், கடல் காணாத சமவெளிக் குடத்துக்கும் நேருதற்கு இதுவே காரணம்.

எனவே, குடத்தில் தோன்றும் பழுப்புப் புள்ளி வெறும் அழுக்கு மட்டுமன்று; ஒரு சான்றுமாம். புதுக்குடம் அடிக்கடி குழித்துருவுற்றால், குடத்தை மாற்றுமுன் கிணற்று நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி உப்பின் அளவை அறிதல் நன்று. குடம் மலிவான இனமா, நீர் உவர்ப்பு மிகுந்ததா என்பது அதனால் தெளியும். நீரே குற்றமுடையதாயின், அதனைக் குடிப்போர் உடலையும் கருதவேண்டுமன்றோ? அந்நீரை நெடுநாள் தேக்கி வைக்க மண்பானையே தக்கது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். துருவேறா எஃகு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இயல்புடையது; நாம் செய்யவேண்டுவது அக்காவலுக்கு இடையூறு செய்யாமையே. கடலிலிருந்து வந்த விசிறியை நன்னீரிற் கழுவுதலும், அடுப்படிக் கலத்தைக் கழுவியவுடன் துடைத்து உலர்த்துதலும், உப்பையும் இரும்புத்தூளையும் அதன்மேல் தங்கவிடாமையும் ஆகிய மூன்றும் கறை வருமுன் காக்கும் வழிகள். வந்தபின்னரோ, முதலிற் கழுவுக. பின் உற்று நோக்குக. கறை புறத்ததா அகத்ததா என்று துணிக. அதன்பின் மெல்லிய மருந்திலிருந்து தொடங்குக. வலிய திராவகத்தை முதலில் நாடுவோர், நோயைப் போக்குமுன் நோயாளியைப் போக்குவோர் ஆவர்.

இச்சிறு கட்டுரையைப் படிக்கும் அன்பர், தம் இல்லத்துக் குடமொன்றைக் கையிலெடுத்து, அதன் அடியையும் விளிம்பையும் ஒருமுறை ஒளியிற் பிடித்து நோக்குவாராக. அங்குக் காணும் ஒவ்வொரு நிறமும் அக்கலம் பட்ட வெப்பத்தையும், தாங்கிய நீரையும், தேய்த்த கையையும் தெளிவாக எடுத்துரைக்கும்.